அத்தியாயம் 6: பதிவேட்டில் உங்கள் பெயர்

மீன்வளத்துக்கு அரசு ஒதுக்கும் பணம் பத்தாண்டுகளில் பல மடங்கு உயர்ந்திருக்கிறது. 2015-16இல் தொடங்கிய நீலப்புரட்சித் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 3,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதன் இடத்துக்கு 2020இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் மதிப்பு 20,050 கோடி. நடுவில், 2019இல், மீன்வளம், கால்நடை, பால்வளம் மூன்றுக்குமாகத் தனி அமைச்சகமே ஏற்பட்டது.

இந்தப் பணத்தில் தனிமனிதருக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் ஏதாவது ஒரு பதிவேட்டில் இருக்கும் பெயருக்குத்தான் போய்ச் சேருகிறது. பட்டாவில் உள்ள பெயர், குத்தகைப் பத்திரத்தில் உள்ள பெயர், படகுப் பதிவில் உள்ள பெயர், சங்க உறுப்பினர் பட்டியலில் உள்ள பெயர். விடியற்காலையில் குளத்துக்குத் தீவனம் போடுகிறவர், படகில் கூலிக்கு வலை இழுக்கிறவர், கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கிறவர் ஆகியோரின் பெயர் பெரும்பாலும் இந்த ஏடுகள் எதிலும் இருப்பதில்லை. உழைப்பவருக்கு உரிமை இருந்தும் உதவி எட்டாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான். ஆகவே எந்தத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்னால், என் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மானியத்தின் கணக்கை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிட்டு, இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கே திரும்புகிறது.

மானியத்தின் கணக்கு

மத்ஸ்ய சம்பதா திட்டம் ஐந்தாண்டுக்கு என்று தொடங்கி, 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. அடுத்து வரும் திட்டத்துக்கு வேறு பெயர் வைக்கலாம். ஆனால் கட்டமைப்பு பெரிதாக மாறுவதில்லை. அதைப் புரிந்துகொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் கையாள முடியும்.

ஒவ்வொரு பணிக்கும் ஓர் அலகுத் தொகையை அரசு நிர்ணயிக்கிறது. ஒரு ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர், புதிய நன்னீர் மீன்குளம் வெட்ட 7 லட்சம் ரூபாய்; அதற்கு மேல், முதல் வளர்ப்புக்கான குஞ்சு, தீவனம், உரம் ஆகிய இடுபொருளுக்கு 4 லட்சம். உவர்நீர்க் குளமானால் வெட்ட 8 லட்சம், இடுபொருளுக்கு 6 லட்சம். இந்தத் தொகையில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு மானியம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடு. தனிநபருக்கு உச்சவரம்பு 2 ஹெக்டேர். உங்களுக்கு உண்மையில் 9 லட்சம் செலவானாலும் மானியம் 7 லட்சத்தின் மீதுதான் கணக்கிடப்படும். பாறை நிலத்தில் குளம் வெட்ட நினைப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

மானியத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. இரண்டு கஜானாவிலிருந்தும் பணம் வந்து சேர்ந்தால்தான் உங்கள் கணக்கில் விழும். தாமதத்துக்கு அடிப்படைக் காரணம் இந்த ஏற்பாடு. மீன்துறை ஆய்வாளரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். விளம்பரங்களில் வரும் அந்த 20,050 கோடியில் 5,763 கோடி, பயனாளிகள் தங்கள் கையிலிருந்து போடுவதாகக் கணக்கிட்ட பங்கு. அரசின் திட்டத் தொகைக்குள் உங்கள் நகைக்கடனும் அடக்கம்.

மானியம் பெரும்பாலும் வேலை முடிந்த பிறகு, அல்லது பாதி முடிந்த நிலையில் அளந்து பார்த்த பிறகுதான் வரும். ஆகவே ஒரு ஹெக்டேர் குளத்துக்கு 7 லட்சமும் இடுபொருளுக்கு 4 லட்சமும் சேர்த்து 11 லட்சத்தை நீங்கள்தான் முதலில் புரட்ட வேண்டும். பொதுப் பிரிவினருக்கு 4.4 லட்சம், பெண்களுக்கு 6.6 லட்சம் பின்னால் வரும். பின்னால் என்பது மூன்று மாதமாகவும் இருக்கலாம், நிதியாண்டு மாறிப்போனால் ஒரு வருடமாகவும் இருக்கலாம். மானியத்தை நம்பி கந்துவட்டிக்கு வாங்கினால், மானியம் வந்து சேரும் நாளில் வட்டியே அதைத் தின்றிருக்கும். மானியம் வராது என்று வைத்துக்கொண்டே குளத்தின் வரவு செலவைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் தாங்குகிற குளத்தை மட்டும் வெட்டுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கட்லா, ரோகு, மிர்கால் கலந்து ஹெக்டேருக்கு 10,000 விரலிகள் விட்டு, பத்து மாதம் ஒழுங்காகத் தீவனம் போட்டால் 3 முதல் 4 டன் எதிர்பார்க்கலாம். 4 டன் கிடைத்து, கரையில் கிலோ 110 ரூபாய்க்குப் போவதாக வைத்துக்கொள்வோம்: 4.4 லட்சம். குஞ்சு, தீவனம், சுண்ணாம்பு, டீசல் அல்லது மின்சாரம், அறுவடைக் கூலி எல்லாம் 3 லட்சம் என்றால் மிச்சம் 1.4 லட்சம். குளம் வெட்டிய 7 லட்சத்தை மீட்க ஐந்து ஆண்டு. 40 விழுக்காடு மானியம் கிடைத்தால் மூன்று ஆண்டு. 60 விழுக்காடு என்றால் இரண்டே ஆண்டு. மானியம் செய்வது இவ்வளவுதான்: முதல் போட்ட பணம் திரும்பும் காலத்தைக் குறைக்கிறது. நட்டத்தில் ஓடும் குளத்தை அது லாபத்தில் ஓட வைக்காது. உங்கள் ஊர் விலையையும் தீவனச் செலவையும் போட்டு இதே கணக்கை நீங்களே எழுதிப் பாருங்கள்.

நிலம் யார் பெயரில்?

விண்ணப்பம் போகவேண்டிய இடம் மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறையின் உதவி இயக்குநர் அலுவலகம். கடலில்லாத மாவட்டங்களிலும் இந்தத் துறைக்கு அலுவலகம் உண்டு. பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், சாதிச் சான்று தேவையானால் அது, குளத்தின் மதிப்பீடு. இவை அனைவரும் அறிந்தவை. சிக்கல் வருவது கூட்டுப் பட்டாவில்தான். அப்பா காலமாகி நான்கு பிள்ளைகள் பெயரில் கிடக்கும் நிலத்தில் ஒருவர் குளம் வெட்ட விண்ணப்பித்தால் மற்ற மூவரின் சம்மதம் கேட்பார்கள். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் கோப்பு அங்கேயே நிற்கும். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால், மீன் வளர்க்க எண்ணம் வந்த அன்றே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். திட்ட அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் அந்த ஆண்டின் ஒதுக்கீடு முடிந்துவிடும்.

பணி ஆணை கைக்கு வருமுன் பொக்லைனை இறக்காதீர்கள். முன்பே வெட்டிய குளத்தைப் புதுக்குளம் என்று யாரும் ஏற்க மாட்டார்கள். வேலைக்கு முன், நடுவில், முடிந்தபின் என்று மூன்று நிலையிலும் அதே இடத்தில் நின்று படம் எடுத்து வையுங்கள். குஞ்சு வாங்கிய ரசீது, தீவன ரசீது, பொக்லைன் வாடகை ரசீது எல்லாம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். கடைக்காரர் வெறும் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

குஞ்சை அரசுப் பண்ணையிலோ பதிவு பெற்ற பொரிப்பகத்திலோதான் வாங்க வேண்டும். இரண்டு மீன்களில் எச்சரிக்கை தேவை. வேகமாக வளரும் என்று சொல்லி ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது விற்க வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அது இந்தியாவில் தடை செய்யப்பட்ட மீன். வெள்ளத்தில் கரை உடைந்து வெளியேறினால் ஊர்க் கண்மாயில் இருக்கும் நாட்டுமீன்களையெல்லாம் தின்று தீர்க்கும். கண்டுபிடித்தால் அதிகாரிகள் அழிப்பார்கள், இழப்பீடு கிடையாது. கிஃப்ட் திலேப்பியா வளர்க்கலாம், ஆனால் துறையின் அனுமதி பெற்ற பிறகே.

தொட்டிக்குள் காற்று செலுத்தி நெருக்கமாக மீன் வளர்க்கும் பயோஃபிளாக் முறைக்கும் மானியம் உண்டு: ஏழு தொட்டிகள் கொண்ட அலகுக்கு 7.5 லட்சம் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். வீட்டுக் கொல்லையிலேயே டன் கணக்கில் மீன் என்ற விளம்பரங்களை நம்பி இளைஞர்கள் பலர் இதில்தான் முதலில் இறங்குகிறார்கள். என் கருத்து தெளிவானது: இதில் தொடங்காதீர்கள். இரவில் சில மணி நேரம் மின்சாரம் நின்று, ஜெனரேட்டரும் கைவிட்டால் மொத்த மீனும் மிதக்கும். மண்குளத்தில் இரண்டு மூன்று அறுவடை பார்த்து, தண்ணீரின் நிறத்தையும் மீனின் மூச்சையும் பார்த்தே நிலைமை புரிகிற பழக்கம் வந்த பிறகு தொட்டிக்குப் போகலாம்.

கண்மாய்க் குத்தகைக்காரர்

சொந்தக் குளம் இல்லாதவர்கள் ஏரி, கண்மாய்களில் மீன்பாசி குத்தகை எடுத்து வளர்க்கிறார்கள். நீர்நிலை யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஏலம் விடும் அலுவலகம் மாறும். குத்தகைக் காலம் பசலி ஆண்டின்படி, ஜூலை முதல் ஜூன் வரை கணக்காகும். இங்கே மூன்று விஷயங்கள்.

குளம் வெட்டுவது போன்ற நிலையான பணிகளுக்கான மானியத்துக்கு, நீண்ட காலத்துக்குப் பதிவு செய்த குத்தகைப் பத்திரம் கேட்பார்கள். ஓராண்டு, மூன்றாண்டு ஏலக் குத்தகை அதற்குப் போதாது. ஆனால் வங்கிக் கடன் அட்டைக்குக் குத்தகைக்காரரும் தகுதியானவர். அதைக் கீழே சொல்கிறேன்.

ஏலத்தை ஒருவர் எடுத்து, உண்மையில் வேறொருவர் மீன் வளர்ப்பது பல ஊர்களில் நடக்கிறது. குத்தகை ஆணையில் உங்கள் பெயர் இல்லையென்றால், மீன் செத்தாலும் திருடு போனாலும் நீங்கள் அரசின் கண்ணில் இல்லாதவர். உள்குத்தகையைத் தவிர்க்க முடியாவிட்டால், சேர்ந்து ஒரு குழுவாகவோ சங்கமாகவோ ஏலம் எடுங்கள். ஆணையில் குழுவின் பெயர் இருந்து, குழுவின் தீர்மான நோட்டில் உங்கள் பெயர் இருந்தால் அது கணக்கில் வரும்.

மூன்றாவது, தண்ணீர். பாசனக் கண்மாயில் முதல் உரிமை ஆயக்கட்டு விவசாயிக்கு. மீனுக்காக மடையை அடைக்க உங்களுக்கு உரிமை இல்லை. கடைசி நனைப்புக்குத் தண்ணீர் போனபின் கண்மாயில் எவ்வளவு நிற்கும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற எண்ணிக்கையில் குஞ்சு விடுங்கள்.

இறால் பண்ணைக்குத் தனிச் சட்டம்

1990களின் தொடக்கத்தில் கடலோரம் முழுவதும் இறால் பண்ணைகள் கட்டுப்பாடில்லாமல் பெருகின. நாகை வட்டாரத்தில் நெல்வயல்களும் குடிநீர்க் கிணறுகளும் உப்பானபோது, சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பின் விளைவாக ஓர் ஆணையம் அமைந்து, பின்னர் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையமாகச் சென்னையில் இயங்குகிறது. அந்தப் போராட்டத்தின் நியாயத்தை இறால் வளர்ப்பவர்களும் மனதில் வைத்திருக்க வேண்டும். பக்கத்து வயல்காரர் உங்கள் பண்ணைக்கு எதிராகப் புகார் கொடுத்தால் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

கடலோரத்தில் இறால் வளர்க்க இந்த ஆணையத்தின் பதிவு கட்டாயம். கடல் உச்ச அலை எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் பண்ணைக் குளம் கூடாது. பதிவு ஐந்து ஆண்டுக்கு. காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டுத் திருத்தம் பொரிப்பகம், கூண்டு வளர்ப்பு, கடற்பாசி போன்றவற்றையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சிறைத் தண்டனையை நீக்கி அபராதத்தை வைத்தது. வன்னமெய் இறால் 2009இல் அனுமதிக்கப்பட்டதிலிருந்து, ஆணையம் ஏற்ற பொரிப்பகத்திலிருந்துதான் குஞ்சு வாங்க வேண்டும். சினை இறால்கள் சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையம் வழியாக வருவதற்குக் காரணம் நோய். மலிவாகக் கிடைக்கிறது என்று ஊர் பேர் தெரியாத குஞ்சை விட்டு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால், உங்கள் தண்ணீர் போகும் வாய்க்காலில் இருக்கும் அத்தனை பண்ணையும் போகும்.

பதிவில்லாத பண்ணையின் இறாலை ஏற்றுமதியாளர் வாங்கத் தயங்குவார், வங்கி கடன் தராது, காப்பீடு கிடையாது. அறுவடைக்கு முன் ஆன்டிபயாட்டிக் எச்சம் பரிசோதித்த சான்று கேட்பார்கள். தடை செய்த மருந்தைக் கலந்து போடச் சொல்லும் தீவன ஏஜென்டின் பேச்சைக் கேட்டால், துறைமுகத்திலிருந்து திரும்பி வரும் சரக்கின் நட்டம் உங்களுடையது, அவருடையது அல்ல.

கடன் அட்டை

கிசான் கடன் அட்டை மீன் வளர்ப்போருக்கும் மீனவர்களுக்கும் 2018-19 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி வழிமுறைகளை வெளியிட்டது. நன்னீர், உவர்நீர் வளர்ப்போர், பதிவு பெற்ற படகு வைத்திருப்போர், படகைக் குத்தகைக்கு எடுத்தோர், குளத்தைக் குத்தகைக்கு எடுத்தோர், சுய உதவிக் குழுக்கள், கூட்டுப் பொறுப்புக் குழுக்கள் எல்லோரும் தகுதியானவர்கள். இதில் கிடைப்பது நடைமுறை மூலதனம்: குஞ்சு, தீவனம், டீசல், ஐஸ், கூலி. படகோ குளமோ வாங்கும் கடன் இது அல்ல.

வட்டி 7 விழுக்காடு. குறித்த நாளில் கட்டினால் 3 விழுக்காடு திரும்பக் கிடைத்து, 4 விழுக்காட்டில் முடியும். மீன் தொழிலுக்கு மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தச் சலுகை 2 லட்சம் வரை என்று வகுத்திருந்தார்கள்; இந்த வரம்பு பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் பேசப்படுவதால் கிளையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரையான விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மேலாளர் நகை கேட்டால் இந்த உத்தரவைப் பணிவாக நினைவூட்டி, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் என்று ஒருவர் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார். அந்த எழுத்துடன் அவரைப் பாருங்கள்.

2 லட்சத்துக்கு ஒரு வருடத்தில் 7 விழுக்காட்டில் 14,000 ரூபாய், 4 விழுக்காட்டில் 8,000. வித்தியாசம் 6,000 ரூபாய்தானே என்று தோன்றலாம். ஆனால் இதை ஒப்பிட வேண்டியது வியாபாரியின் முன்பணத்தோடு. முன்பணத்துக்கு வட்டி இல்லை. பிடித்ததை அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்கிறதுதான் விலை, ஏலத்தில் கழிவும் உண்டு. ஒரு சீசனில் 5 லட்சத்துக்கு மீன் விற்கும் படகில் நூற்றுக்குப் பத்து கழிவு போனால் 50,000 ரூபாய். முன்பணம் வாங்கியவர்கள் அதைக் கடனாகவே நினைப்பதில்லை, அதனால்தான் அது தலைமுறை தாண்டியும் தீர்வதில்லை. கடன் அட்டையின் முதல் பணத்தை அந்த முன்பணத்தில் ஒரு பகுதியை அடைக்கப் பயன்படுத்துவதைவிட, அடுத்த டீசலுக்கும் ஐஸுக்கும் வியாபாரியிடம் போகாமல் இருக்கப் பயன்படுத்துங்கள். பழைய பாக்கியைத் தவணை பேசி மெல்ல அடைக்கலாம்.

கடன் விஷயத்தில் மீனை விவசாயம் என்று ஏற்கும் அரசு, வரி விஷயத்தில் அப்படி ஏற்பதில்லை. மீன், இறால் வளர்ப்பில் வரும் வருமானம் வருமான வரிச் சட்டப்படி விவசாய வருமானம் ஆகாது. வரம்புக்கு மேல் லாபம் வந்தால் கணக்குக் காட்ட வேண்டும். அதேபோல் பயிருக்குக் கொடுத்த இலவச மின் இணைப்பிலிருந்து மீன்குளத்துக்குக் குழாய் இழுக்காதீர்கள். மீன் வளர்ப்புக்குரிய மின் கட்டணப் பிரிவில் தனி இணைப்புக் கேளுங்கள். நெல்லுக்கும் மீனுக்கும் ஒரே நியாயம் வேண்டும் என்று வளர்ப்போர் கேட்பது சரியான கோரிக்கை. அது நிறைவேறும்வரை சட்டம் இருக்கிறபடி நடப்பதே பாதுகாப்பு.

கடலுக்குப் போகிறவர்

தமிழ்நாட்டில் 14 கடலோர மாவட்டங்களும் 608 மீனவ ஊர்களும் இருக்கின்றன. இங்கே உதவிக்கான நுழைவாயில் இரண்டு: படகுப் பதிவும் மனிதப் பதிவும். படகு 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவாக வேண்டும். விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் நடுக்கடலில் மோதல் முற்றிய காலத்துக்குப் பிறகு வந்த சட்டம் அது; கரையை ஒட்டிய கடலை நாட்டுப்படகுக்கு ஒதுக்குவதே அதன் அடிப்படை நோக்கம். இரட்டைமடி இழுவை தடை செய்யப்பட்டது. சுருக்குமடியைத் தமிழ்நாடு 2000இல் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையில், 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரண்டு நாள், பகலில் மட்டும் என்று நிபந்தனைகளோடு அனுமதித்தது. சட்டம் தடுத்த வலையோடு பிடிபட்டால் வரிவிலக்கு டீசலையும் மானியத்தையும் நிறுத்திவைப்பார்கள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கன்னியாகுமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும், நாட்டுப்படகுகள் போகலாம். தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தமிழ்நாடு அரசு தருகிறது. 61 நாளுக்கு 8,000 என்றால் நாளொன்றுக்கு 131 ரூபாய். இது போதாது என்று மீனவர்கள் சொல்வதில் மிகையே இல்லை. ஆகவேதான் சேமிப்பு-நிவாரணத் திட்டத்தை விட்டுவிடாதீர்கள் என்கிறேன். தவணையாக நீங்கள் 1,500 ரூபாய் சேமித்தால், ஒன்றிய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. மீனவ மகளிருக்கும் இதுபோன்ற திட்டம் உண்டு. ஒரு தவணை தவறினாலும் சிக்கல் என்பதால் சங்கச் செயலாளரிடம் பணம் கட்டிய அன்றே பாஸ்புத்தகத்தில் பதிவு வாங்குங்கள்.

மனிதப் பதிவு என்பது மீனவர் கூட்டுறவு சங்க உறுப்பினர் பதிவு, மீனவர் நல வாரிய அட்டை, மீனவர் அடையாள அட்டை, தேசிய மீன்வள டிஜிட்டல் தளத்தில் பதிவு ஆகியவை. கடைசியாகச் சொன்னது 2024இல் தொடங்கியது. பொதுச் சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். இனிவரும் ஒன்றிய அரசு உதவிகள் அதன் வழியாகவே வரும் போக்கு தெரிகிறது.

விபத்துக் காப்பீட்டுக்கு நீங்கள் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை, அரசுகளே கட்டுகின்றன. 18 முதல் 70 வயது வரை உள்ள மீன் தொழிலாளி இறந்தாலோ நிரந்தரமாக முழு ஊனமானாலோ 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 வரை. ஆனால் கடலில் காணாமல் போனவருக்கு உடல் இருக்காது. உடல் இல்லாமல் மரணத்தை நிறுவுவது எவ்வளவு கொடிய அலைச்சல் என்பது 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு குமரி மாவட்டத்துக் குடும்பங்களுக்குத் தெரியும். அன்று எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இருப்பது உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்யும் கடமை. கடலுக்குப் போக மீன்துறையில் அனுமதி டோக்கன் வாங்கும்போது படகில் ஏறும் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் ஆள் மாறினால், மாறியவர் பெயரைக் கரையில் இருக்கும் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். வெளிமாவட்டத்திலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் கூலிக்கு வந்தவர்களின் பெயர்தான் பெரும்பாலும் விடுபடுகிறது. படகு உரிமையாளர்கள் இதைத் தங்கள் பொறுப்பாகக் கொள்ள வேண்டும்.

ஆழ்கடல் படகு: யோசித்து இறங்குங்கள்

பாக் நீரிணையில் இழுவைமடியைக் குறைத்து, மீனவர்களை ஆழ்கடலுக்குத் திருப்பும் திட்டம் 2017 ஜூலையில் ராமேசுவரத்தில் தொடங்கப்பட்டது. அதே ஜூலையில் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. இரு கரை மீனவர்களின் துயரத்துக்கும் தீர்வாகப் பேசப்பட்ட திட்டம் இது. படகின் விலையை அப்போது 80 லட்சம் என்று வைத்தார்கள். அதில் ஒன்றிய அரசு 50 விழுக்காடு, மாநிலம் 20, வங்கிக்கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. அதாவது 8 லட்சம் கொடுத்து 80 லட்சப் படகு. மூன்றாண்டில் 2,000 படகு என்று இலக்கு. கட்டி இறங்கியது அதில் மிகச் சிறு பகுதி.

காரணம் மீனவரின் சோம்பல் அல்ல. காலையில் போய் மறுநாள் திரும்பும் தொழிலுக்குப் பழகியவர், நாட்கணக்கில் தங்கி மீன்பிடிப்பதற்கு வேறு வலை, வேறு தூண்டில், வேறு கணக்கு பழக வேண்டும். குமரி மாவட்டம் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடலில் சூரையும் சுறாவும் தேடிப் போவது தலைமுறை அனுபவத்தில் வந்தது. அதை ஒரு மாதப் பயிற்சி முகாமில் தந்துவிட முடியாது. ஒரு பயணத்துக்கே டீசல், ஐஸ், உணவு என்று லட்சக்கணக்கில் இறக்க வேண்டும். ஆழம் குறைந்த பாக் நீரிணைத் துறைகளில் பெரிய படகு அணைவதும் சிரமம். பிடித்து வந்த சூரைக்கு அங்கேயே நல்ல விலை கொடுக்கும் சந்தையும் வேண்டும். மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆழ்கடல் படகின் அலகுத் தொகை 1.2 கோடி. இதில் இறங்க நினைப்பவர்கள் மானிய விழுக்காட்டைப் பார்ப்பதற்கு முன், ஆழ்கடல் படகொன்றில் ஒரு சீசன் தொழிலாளியாகப் போய் வாருங்கள். பாக் நீரிணைத் திட்டத்தில் பழைய இழுவைப்படகை ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், பின்வாங்க வழி இருக்காது.

கூடை சுமக்கும் பெண்கள்

இந்தத் தொழிலில் பெண்ணுக்கு அரசு தரும் 60 விழுக்காடு பெரும்பாலும் வீணாகிறது, அல்லது பெயருக்கு மட்டும் போகிறது. வீட்டுப் பெண்ணின் பெயரில் விண்ணப்பித்து, மானியம் வாங்கி, குளத்தை ஆண்களே நடத்துவது எல்லா மாவட்டத்திலும் உண்டு. பெயர் அவருடையது என்றால் வங்கிக் கணக்கும் அவரே கையெழுத்திட்டு எடுக்கும்படி இருக்கட்டும். கடன் திரும்பாதபோது வங்கி தேடி வருவதும் அதே பெயரைத்தான்.

மீன் விற்கும் பெண்களுக்குக் குளமும் படகும் வேண்டியதில்லை. ஐஸ் பெட்டியோடு சைக்கிளுக்கு 10,000, மோட்டார் சைக்கிளுக்கு 75,000, மூன்று சக்கர வண்டிக்கு 3 லட்சம், சிறு விற்பனைக் கடைக்கு 10 லட்சம் என்று அலகுத் தொகைகள் உள்ளன. மோட்டார் சைக்கிளில் பெண்ணின் பங்கு 30,000 மட்டுமே. தலைச்சுமையாக நடந்தபோது மாலைக்குள் கெட்டுப்போகிற மீனைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர்களுக்கு, ஐஸ் பெட்டி கொடுக்கும் வித்தியாசம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விண்ணப்பிக்க அவர் மீனவ மகளிர் கூட்டுறவு சங்கத்திலோ நல வாரியத்திலோ தன் பெயரில் பதிவு செய்திருந்தால் வேலை எளிது. கணவரின் அட்டையில் குடும்ப உறுப்பினராக இருப்பது போதாது.

ராமநாதபுரம் கடலோரத்தில் கடற்பாசி வளர்க்கும் பெண்களுக்கு மிதவைக்கு 1,500 ரூபாய் என்ற அலகில் மானியம் உண்டு. கப்பாஃபைகஸ் என்னும் அந்த வெளிநாட்டுப் பாசி மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் பரவிய இடங்கள் உண்டு என்பதால், அனுமதித்த பகுதிக்கு வெளியே மிதவை கட்டாதீர்கள்.

மீனுக்குக் காப்பீடு

மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் 2024 பிப்ரவரியில் 6,000 கோடியில் ஒப்புதல் பெற்ற துணைத் திட்டம் ஒன்று, வளர்ப்பு மீனுக்குக் காப்பீடு எடுப்பவர்களுக்குப் பிரீமியத்தில் 40 விழுக்காட்டை ஒருமுறை ஊக்கத்தொகையாகத் தருகிறது; ஹெக்டேருக்கு 25,000, ஒருவருக்கு 1 லட்சம் வரை. பெண்கள், பட்டியல் பிரிவினருக்குக் கூடுதலாக 10 விழுக்காடு. எத்தனை குஞ்சு விட்டீர்கள், எவ்வளவு தீவனம் போட்டீர்கள், எப்போது மாதிரி எடை பார்த்தீர்கள் என்று நாள்தோறும் எழுதிய நோட்டு இல்லையென்றால் இழப்பீடு கேட்கும்போது வாதாட ஒன்றும் இருக்காது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

கோப்பு நகராவிட்டால்

விண்ணப்பம் கொடுத்த அன்றே தேதி முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். முன்னுரிமைப் பட்டியலில் உங்கள் வரிசை எண் என்ன என்று கேளுங்கள். மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் மீன் வளர்ப்போரும் மனு கொடுக்கலாம். கடலோர மாவட்டங்களில் மீனவர் குறைதீர் நாள் தனியாகவும் நடக்கிறது. தரகர் யாராவது கமிஷனுக்கு மானியம் வாங்கித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விண்ணப்பத்துக்கு உதவி இயக்குநர் அலுவலகம் கட்டணம் எதுவும் கேட்பதில்லை.

அதற்கும் நகரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தோடு, உதவி இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரே பக்கத்தில் நான்கு கேள்வி எழுதுங்கள்: இந்த நிதியாண்டில் இந்தப் பணிக்கு மாவட்டத்துக்கு வந்த இலக்கு எத்தனை, பெறப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை, என் விண்ணப்பத்தின் வரிசை எண்ணும் கள ஆய்வுத் தேதியும் என்ன, ஒன்றிய, மாநிலப் பங்குத் தொகைகள் எந்தத் தேதிகளில் விடுவிக்கப்பட்டன. ஏன் தரவில்லை என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்விக்குத் தகவல் இல்லை என்று பதில் எழுதுவது அவர்களுக்கு எளிது. பதில் தர 30 நாள் அவகாசம். வராவிட்டால், அதற்கடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீட்டை, சேர்ந்ததற்கான சான்று கேட்டு விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.